கப்பல் பார்க்கப் போன கையெழுத்து

கள்ளக்குறிச்சிக்குக் கடல் கிடையாது என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். வரலாற்றில் பட்டம் வாங்கியவன் என்ற முறையில் இந்தப் பிழையைத் திருத்துவது என் கடமை. நான் சொல்லும் காலத்தில் எங்கள் ஊர் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. மாவட்டத்தின் தலைநகரம் கடலூர். கடலூர் ஒரு துறைமுகம். வரப்புத் தகராறு முற்றி மேலிடத்துக்குப் போகவேண்டும் என்றால், கம்பு விதைக்கிறவரும் கரும்பு வெட்டுகிறவரும் கடற்கரைக்குத்தான் போனார்கள். ஆகவே எங்களுக்குக் கடல் இருந்தது. நூறு கிலோமீட்டர் தள்ளி வைத்திருந்தோம், அவ்வளவே.

இந்த உண்மையை என் முதலாளியும் ஒருவிதமாக உணர்ந்திருந்தார். பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு சிறிய அறையில் 'டிராவல்ஸ்' வைத்திருந்தார். நான் அங்கே டிக்கெட் எழுதுபவன், ஞாயிற்றுக்கிழமைகளில் வழிகாட்டி. வழிகாட்டி என்றால் வழி காட்டுபவன் என்று நினைக்கவேண்டாம். வழி டிரைவருக்குத் தெரியும். ஏறும்போது தலை எண்ணுவது, இறங்கும்போது தலை எண்ணுவது, இடையில் யாருக்கும் வேண்டாத சரித்திரத்தை மைக்கில் சொல்வது, இவைதான் என் வேலை. மற்றவர்கள் பொழுதுபோக்கும் நாளில் வேலை பார்த்துப் பிழைத்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கவேண்டியதில்லை.

இட ஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல்கள் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. பஸ் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று பஸ்ஸுக்கே தெரியாது. அப்படி ஒரு வாரம் எல்லாம் ஓய்ந்திருந்த சமயம், புதுச்சேரிக்கு வெளிநாட்டு உல்லாசக் கப்பல் ஒன்று வருவதாகவும், அதன் பயணிகள் ஒரு பகல் கரையில் இறங்கிப் பழைய பிரெஞ்சுத் தெருக்களைப் பார்ப்பதாகவும் முதலாளி கேள்விப்பட்டார். உடனே 'ஒரே நாளில் கப்பல் காணலாம்' என்று நோட்டீஸ் அடித்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையில் நடந்தவற்றைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

ஏழாம் நம்பர் சீட்

மூன்றாம், நான்காம் சீட்டுகளை ஓர் அதிகாரியும் அவர் மனைவியும் பதிவு செய்திருந்தார்கள். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். சாதிச் சான்றிதழில் கடைசிக் கையெழுத்துப் போடும் அதிகாரம் அவருக்கு உண்டு என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். அரசு ஜீப்பில் போனால் வழியில் மறிப்பார்கள். டூர் பஸ்ஸை யாரும் கவனிக்கமாட்டார்கள். அதனால் எங்களிடம் வந்தார். அவர் வீட்டு அம்மாவுக்குக் கப்பல் பார்க்க ஆசை. அவருக்கு, ஊரில் ஒரு மாதமாக எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால், யாரும் பார்க்காத இடத்தில் ஒரு நாள் இருக்க ஆசை.

சனிக்கிழமை சாயங்காலம், கடையை மூடும் நேரத்தில், ஐம்பது வயது இருக்கும், ஒருவர் வந்தார். மெல்லிய உடம்பு, துவைத்த வேட்டி, தோளில் துணிப்பை. பெயர் சடையன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே ஒரு சிற்றூர். அதிகாரியின் அலுவலக வராந்தாவில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாராம். "ஐயா நாளைக்கிக் கப்பல் பாக்கப் போறாரு" என்று பியூன் சொன்னதும் நேராக இங்கே வந்துவிட்டார். அதிகாரிக்கு நேர் பின்னால் இருக்கும் ஏழாம் நம்பர் சீட்டைத்தான் கேட்டார். ஜன்னல் சீட்டு முன்னால் ஒன்று இருக்கிறது, காற்று வரும், காட்சி தெரியும் என்று எவ்வளவோ சொன்னேன். அசையவில்லை.

"நீங்களும் கப்பல் பார்க்கத்தானே வர்றீங்க?" என்று கடைசியில் கேட்டேன்.

"இருந்தா பாத்துக்கறேங்க" என்றார்.

கேட்டால் சொல்வார்

விஷயம் உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்க நின்றபோது தெரிந்தது. சடையனின் மகள் மல்லிகாவுக்கு நர்சு பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. மலைசாதி ஒதுக்கீட்டு இடம். சான்றிதழைத் திங்கட்கிழமை மாலைக்குள் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும். அன்றைக்கு ஞாயிறு. படிவத்தைப் பாலித்தீன் பைக்குள் சுற்றித் துணிப்பைக்குள் வைத்திருந்தார். கீழிருந்து மேலே போகவேண்டிய கையெழுத்துகளை எல்லாம் நாலு மாதம் அலைந்து வாங்கியாகிவிட்டது. வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் மட்டும் காலி.

"அப்புறம் என்ன அண்ணே, எதிரில்தானே நிக்கறாரு, போய்க் கேளுங்க" என்றேன். அவர் என்னை, தட்டில் கை கழுவியவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு அவர்கள் ஊர் வழக்கம் தெரிந்தது. ஒரு வீட்டுக்குப் போனால் வந்த காரியத்தைத் தானாக எடுத்துச் சொல்லக்கூடாதாம். போய் உட்காரவேண்டும். வீட்டுக்காரர் தண்ணீர் கொடுத்து, "என்ன காரியம்?" என்று கேட்பார். கேட்ட பிறகுதான் சொல்லவேண்டும். கேட்காத வீட்டில் சொல்வது, அந்த வீட்டுக்காரருக்கு மரியாதை தெரியாது என்று சொல்வதற்குச் சமம். இந்த முறைப்படி சடையன் அலுவலக வராந்தாவில் பதினோரு நாள் உட்கார்ந்திருக்கிறார்.

"ஒருத்தருகூடவா கேக்கல?"

"கேட்டாங்க. 'யாரு'ன்னு கேட்டாங்க. 'சடையன்'னேன். போயிட்டாங்க."

நானே அதிகாரியிடம் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன். என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "வேணாங்க சார். நீங்க சொன்னா அது சிபாரிசு. உள்ளதுக்கு இன்னாத்துக்குங்க சிபாரிசு?"

ஏரி

ஒன்பதரை மணிக்குப் புதுச்சேரி கடற்கரையில் இறங்கினோம். கப்பல் வந்திருந்தது. ஆனால் கரையில் இல்லை. அவ்வளவு பெரிய கப்பல் கரைக்கு வர அங்கே ஆழம் போதாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், பயணிகள் சிறிய படகுகளில் வருவார்கள். நாற்பது பேரும் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். கட்டைவிரல் நகத்தளவுக்கு வெள்ளையாக ஏதோ தெரிந்தது. முதலாளி நோட்டீஸில் 'காணலாம்' என்றுதான் போட்டிருந்தார், கண்டாயிற்று. அடுத்த ஐந்து நிமிஷத்தில் மூன்று பேர் பஸ் எத்தனை மணிக்குத் திரும்பும் என்று கேட்டார்கள்.

இந்த மனச்சோர்வைப் போக்க, ரோமாபுரிக் காலத்திலிருந்து இந்தக் கடற்கரைக்குக் கப்பல் வந்த வரலாற்றை எடுத்தேன். வடக்கனந்தலிலிருந்து வந்திருந்த ஒரு விவசாயி மட்டும் அக்கறையாக முன்னால் வந்து நின்றார். ஏரிப் பாசனத்தில் நெல் வைக்கிறவர். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடலைப் பார்க்கிறார். வடக்கே பார்த்தார், தெற்கே பார்த்தார். முகத்தில் ஒரு கவலை. சரித்திரம்தான் பாதித்திருக்கிறது என்று நம்பி, சந்தேகம் ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

"இவ்ளோ தண்ணி நிக்குது, சரி. ஜாஸ்தியானா வெளிய போவறதுக்குக் கலங்கல் எந்தப் பக்கம் வெச்சிருக்கான்?"

மூன்றடி தூரம்

வெள்ளைக்காரத் தெருக்களைச் சுற்றிக் காட்டினேன். மஞ்சள் சுவர், சாம்பல் கதவு, வெளியே தொங்கும் காகிதப்பூ. தெருக்கள் எல்லாம் கோடு போட்டதுபோல நேராக இருக்கும். அதனால் பின்னால் வருபவரிடமிருந்து யாரும் தப்பமுடியாது. எங்கள் தெருக்களாக இருந்தால் நாலு திருப்பத்தில் அதிகாரி மறைந்திருப்பார். இங்கே அவர் போகும் இடமெல்லாம் மூன்றடி பின்னால் சடையன். அதிகாரி மாதா கோவிலுக்குள் போனால் இவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே. அதிகாரி கலங்கரை விளக்கத்தை அண்ணாந்து பார்த்தால் இவரும் அண்ணாந்து பார்ப்பார், ஆனால் அதிகாரி எப்போது தலையைக் குனிகிறார் என்று ஓரக்கண்ணில் பார்த்துக்கொண்டே. அருங்காட்சியகத்தில் பழைய நாற்காலி ஒன்றின் முன் இருவரும் கால் மணி நேரம் நின்றார்கள். நான் அந்த நாற்காலியைப் பற்றி இரண்டு நிமிஷத்துக்குமேல் சொல்லத் தெரியாமல் தவித்தேன்.

அதிகாரி கெட்டவர் இல்லை. இதை நான் வழிகாட்டியின் உபசாரப் பேச்சாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொல்கிறேன். அன்று காலை பஸ்ஸில் வாந்தி எடுத்த குழந்தைக்குத் தன் துண்டைக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் முப்பது வருஷ உத்தியோகத்தில் ஒரு வித்தையைக் கற்றிருந்தார். முகத்துக்கு நேராக வந்து நிற்பவரையும் பார்க்காமல் பார்ப்பார். அருங்காட்சியக வாசலில் அம்மா பொறுக்கமாட்டாமல், "ஏங்க, அந்த மனுஷன் காலையிலேர்ந்து உங்க பின்னாடியே வந்துக்கினு இருக்காரு. இன்னா வேணும்னு ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றார். நான் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கேட்டுவிட்டால் காரியம் முடிந்தது.

அதிகாரி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கேக்கற வரைக்கும் அவன் ஒரு ஆளு. கேட்டுட்டா ஒரு ஃபைலு. இன்னிக்கி ஞாயித்துக்கிழமை."

கரைக்கு வந்தவர்கள்

பதினோரு மணிக்குப் படகுகளில் கப்பல்காரர்கள் வந்து இறங்கினார்கள். எல்லோரும் வயதானவர்கள், எல்லோருக்கும் தொப்பி. அவர்களுக்கும் எங்களைப்போலவே ஒரு வழிகாட்டி, கையில் சிறிய கொடி, முகத்தில் எங்கள் தொழிலுக்கே உரிய களைப்பு. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டோம்.

எங்கள் ஆட்கள் வெள்ளைக்காரர்களைப் பார்க்க நின்றார்கள். வெள்ளைக்காரர்கள், இந்தத் துறைமுக ஊரின் பூர்வகுடிகள் இவர்கள்தான் என்று நினைத்து, எங்கள் ஆட்களை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். தியாகதுருகத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவரை மீனவர் என்று படம் எடுத்ததை நான் பார்த்தேன். அவரும் மறுக்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு போஸ் கொடுத்தார். ஒரு கனவான் வடக்கனந்தல் விவசாயியிடம் ஏதோ வழி கேட்டார். அவர், "நானே கலங்கலைத் தேடிக்கினு இருக்கேன்" என்று தமிழில் பதில் சொன்னார். கனவான் நன்றி சொல்லிவிட்டு அவர் கை காட்டாத திசையில் போனார்.

எங்கள் டிரைவர் மாணிக்கம் பஸ் நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டே இதையெல்லாம் பார்த்தார். "அவங்க நம்பள பாக்கக் கப்பல்ல வந்துக்கினு இருக்காங்க, நம்ப அவங்கள பாக்க பஸ்ல வந்துக்கினு இருக்கோம். அப்ப இந்த ஊருக்காரன் எங்க சார்?"

முதல் வாக்கியம்

இனி வருவது என் தப்பு. ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

கடற்கரை நடைபாதையில் அதிகாரி இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். மூன்றடி தள்ளிச் சடையன், படிவத்தை இரண்டு கையாலும் மார்புக்கு நேராகப் பிடித்தபடி. அந்த வழியாக வந்த ஒரு வெள்ளைக்கார அம்மையார் நின்றுவிட்டார். எழுபது வயதுக்குமேல் இருக்கும், கழுத்தில் கேமரா. ஆனால் படம் எடுக்கவில்லை. சடையனையே பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி ஆங்கிலத்தில், "இவருக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார்.

பதினோரு நாளாக அந்தக் கேள்வியைத் தென்னாற்காடு மாவட்டத்தில் யாரும் கேட்கவில்லை. எனக்குள் ஒரு குறும்பு எழுந்தது. அதிகாரியின் காதுக்குப் பக்கத்தில் போய் நின்று, தேவைக்கு அதிகமான சத்தத்தில், "அண்ணே, உங்களுக்கு என்ன வேணும்னு இந்த அம்மா கேக்கறாங்க" என்றேன். சடையன் நிமிர்ந்தார். கேட்டவர் யாராக இருந்தால் என்ன, கேட்டாயிற்று. தெளிவாக, ஒரு வார்த்தை மிகாமல் சொன்னார்: "எம் பொண்ணு மல்லிகா நர்சுக்குப் படிக்கணுங்க. நாங்க மலைசாதின்னு இந்தக் கட்டத்துல ஒரு கையெழுத்து வேணுங்க. நாளைக்கிக் கடைசி." அதிகாரியின் ஸ்ட்ரா உறிஞ்சுவதை நிறுத்தியது. வேறு வழியில்லை, இப்போது அவரும் கேட்டுவிட்டார்.

நான் மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். முதல் வாக்கியம்: "இவருக்கு இந்தத் தாளில் ஒரு கையெழுத்து வேண்டும்." அங்கே 'அதோ அந்த அதிகாரியின் கையெழுத்து' என்று சேர்த்து நிறுத்தியிருந்தால் நான் இன்று இதை எழுதவேண்டியிருக்காது. ஆனால் படித்தவனுக்குப் பின்னணி சொல்லாமல் நாக்கு நிற்காது. கல்வராயன் மலை மூன்று ஜாகீர்களாக இருந்தது, ஜாகீர்தார்கள் ஆண்டது, பிற்பாடு அரசாங்கம் எடுத்துக்கொண்டது என்று நான் மலைமேல் ஏறிக்கொண்டிருந்தேன். இரண்டாவது ஜாகீரை எட்டியபோது கீழே பார்த்தால், அம்மையார் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, படிவத்தின் வலது கீழ் மூலைக் கட்டத்தில், கட்டம் கொள்ளாத அளவுக்குப் பெரிதாக, அடியில் அன்றைய தேதியோடு கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். முகமெல்லாம் சந்தோஷம். தன்னிடம் யாரும் இதுவரை கையெழுத்துக் கேட்டதில்லை என்றார்.

அதிகாரி படிவத்தை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு சடையனிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல கையெழுத்துதான். ஆனா நம்ம தாலுகாவுல இந்தம்மாவுக்கு அதிகாரம் இல்லையே."

தேன்

திருத்தலாமா, அழிக்கலாமா, மேலே ஒரு தாள் ஒட்டலாமா என்று நான் அதிகாரியிடம் கெஞ்சினேன். அரசாங்கப் படிவத்தில் அடித்தல் திருத்தல் கூடாது. புதுப் படிவம் எழுதி, கீழிருந்து ஒவ்வொரு கையெழுத்தாக மறுபடி வாங்கிக்கொண்டு வரவேண்டும். அதுதான் விதி என்றார். விதி என்னவோ அவர் சொன்னதுதான். நான் பிறகு விசாரித்தேன்.

சடையன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கியிருக்கும். துணிப்பைக்குள் கையை விட்டு, வாயைத் துணியால் கட்டிய ஒரு பாட்டிலை எடுத்தார். மலைத்தேன். காரியத்துக்குப் போகிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்பதும் அவர்கள் வழக்கம். வெள்ளிமலையிலிருந்து உடையாமல் கொண்டுவந்ததை அம்மையாரின் கையில் வைத்தார். "கேட்டாங்க, சொன்னேன். போட்டாங்க. அவங்க பேர்ல தப்பு ஒண்ணும் இல்லீங்க" என்றார். அம்மையார் பாட்டிலைச் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு தேனீயின் இறக்கை மிதந்தது. அதைக் கண்டு இன்னும் சந்தோஷப்பட்டார். கொடிக்காரர் கூப்பிட்டார். படகு புறப்பட்டது.

அதிகாரியின் மனைவி அந்தப் படகு புள்ளியாகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"போச்சி. நம்ப வூட்டுக்கு வந்த தேனு கப்பல்ல போவுது."

புளியமரம்

மூன்று மணிக்குத் தலை எண்ணிக் கிளம்பினோம். ஐந்தரைக்கு, உளுந்தூர்பேட்டை தாண்டிக் கொஞ்ச தூரத்தில், சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. ஓய்ந்திருந்த போராட்டம் நாங்கள் கப்பல் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மறுபடி ஆரம்பித்துவிட்டது. நாற்பது ஐம்பது பேர் மரத்தின்மேலும் சாலையிலும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் அந்தப் பக்கத்து விவசாயிகள், கூலிக்காரர்கள், படித்துவிட்டு வேலை கிடைக்காத இளைஞர்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். தாய்மார்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். அவர்களில் மூத்தவர் ஒருவர், தோளில் துண்டு, பஸ்ஸுக்குள் ஏறினார். ஊர் ஜனங்கள் போகலாம், வயல் வழியாக வண்டியை இறக்கி ஏற்ற இடம் விடுகிறோம். ஆனால் அரசாங்க ஆள் யாராவது இருந்தால் இறங்கி எங்களோடு உட்காரவேண்டும், மேலதிகாரி வந்து பேசும்வரை அனுப்பமாட்டோம் என்றார்.

பஸ்ஸில் நாற்பது பேருக்கும் தெரியும். நாற்பது பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். அதிகாரி கண்ணாடியையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி அம்மாவின் மடியில் போட்டிருந்தார். தலையில் துண்டு. காலையில் குழந்தை வாந்தி எடுத்த அதே துண்டு. அம்மா அவற்றை முந்தானையால் மூடினார். பெரியவர் ஒவ்வொரு சீட்டாக வந்தார். மூன்றாம் நம்பரில் நின்றார்.

"நீங்க யாருங்க?"

அதிகாரி துண்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டார். யார் என்ற கேள்விக்கு உத்தியோகத்தைத் தவிர வேறு பதில் அவர் வைத்திருக்கவில்லை. பெரியவர் பின் சீட்டைப் பார்த்தார். சடையனைப் பார்த்ததுமே மலைக்காரர் என்று தெரிந்துகொண்டார். "ஐயா, இவரு உங்களோட வந்தவரா?" என்றார்.

"நாந்தாங்க அவரு கூட வந்தேன்" என்றார் சடையன். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

"உங்க ஜனமா?"

சடையன் அதிகாரியின் முதுகைப் பார்த்தார். காலையிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்த முதுகைத்தான். நானும் மாணிக்கமும் கண்ணாடி வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"எங்க ஜனந்தாங்க."

பெரியவர் படிவம் கேட்கவில்லை. கீழிருந்து மேலே கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கவில்லை. கேட்டதும் சொன்னதும் சேர்ந்து அரை நிமிஷம்கூட ஆகவில்லை. படியில் இறங்கிக்கொண்டே கூவினார்:

"மலைக்காரரு சொல்லிட்டாரு, அப்பறம் இன்னா! வண்டிய வுடுங்கடா!"

கேள்வி

பஸ் வயலில் இறங்கிக் குலுங்கி மறுபடி சாலையில் ஏறியது. நான் ஏழாம் நம்பருக்குப் பக்கத்தில் போய்க் குந்தினேன். மனசு கேட்காமல், "ஏன் அண்ணே அப்படிச் சொன்னீங்க? உங்க காரியத்தைக் கெடுத்தவருக்கு?" என்றேன். கெடுத்தவன் நான் என்பதை அந்த நேரத்தில் வசதியாக மறந்திருந்தேன். பெருந்தன்மையாக ஏதாவது சொல்வார், குறித்துவைத்துக்கொள்ளலாம் என்று எதிர்பார்த்தேன்.

"அவர இங்க ஒக்கார வெச்சிட்டா, நாளைக்கி ஆபீசுல கையெழுத்து போடறதுக்கு யாருங்க வருவாங்க?" என்றார்.

முன் சீட்டில் அதிகாரி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தலையிலிருந்து துண்டை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முழு உடம்பையும் திருப்பிப் பின்னால் பார்த்தார். காலை ஐந்து மணியிலிருந்து அவர் பின்னால் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "உனக்கு இன்னாய்யா வேணும்?" என்றார்.

சடையன் எழுந்து நின்று, ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடற்கரையில் சொன்னதையே ஒரு வார்த்தை மிகாமல் மறுபடி சொன்னார். புதுப் படிவம் தன் அலுவலகத்திலேயே எழுதிக்கொள்ளலாம் என்றும், கீழ்க் கையெழுத்துகளைத் தானே ஆள் விட்டு வாங்குவதாகவும் அதிகாரி சொன்னார். அந்த விதியில் இப்படி ஒரு வசதி இருந்தது மத்தியானம் யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் சிலர் கை தட்டினார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"காலையில பத்து மணிக்கு வா. நாளைக்கி என் மொத கையெழுத்து உனக்குத்தான்."

செவ்வாய்க்கிழமை

ஊருக்குள் இறங்கியதும் அதிகாரி முதல் வேலையாக டெலிபோனுக்குப் போனார். சாலையில் மரம் விழுந்திருப்பதை மேலிடத்துக்குத் தெரிவிப்பது அவர் கடமை. கடமையில் அவர் தவறியதில்லை. எந்த இடம், எத்தனை பேர், மரம் எந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் துல்லியமாகச் சொன்னார். இவ்வளவு விவரம் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை என்பதால், மறுநாள் விடியற்காலையில் அந்த மரத்தை அகற்றும் பணிக்கு மேலிடம் அவரையே அனுப்பியது. திங்கட்கிழமை முழுவதும் அவர் புளியமரத்தடியில் நின்றார். சடையன் பத்து மணிக்கு வராந்தாவுக்குப் போய்ச் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். அன்று பியூன் மட்டும், என்ன காரியம் என்று கேட்டாராம்.

செவ்வாய்க்கிழமை காலை அதிகாரி நேராக வராந்தாவுக்கு வந்து, சடையனைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப்போய், தண்ணீர் கொடுத்து, ஆள் விட்டு நிரப்பிவைத்த புதுப் படிவத்தில் கையெழுத்தும் போட்டு, முத்திரையும் வைத்துக் கொடுத்தார். நானும் பயிற்சிப் பள்ளிக்குக் கூடப் போனேன். குற்றம் செய்தவன் கூடப் போகாமல் இருக்கமுடியாது. குமாஸ்தா சான்றிதழைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தேதி ஒரு நாள் தள்ளி இருந்தது. சாலை மறியலைச் சொன்னோம். மறியலைத் தாண்டி வந்து சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்றார். வேறு வழி தெரியாமல் சடையன் பாலித்தீன் பைக்குள்ளிருந்து பழைய படிவத்தையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். குமாஸ்தா அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல தேதி சரியா இருக்குது. ஆனா இந்தம்மா யாரு?"

மல்லிகா அடுத்த வருஷம் சேர்ந்தாள்.